திருத்தந்தை மூன்றாம் பவுலும் திருச்சபைச் சீர்திருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டின் லூத்தரைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் நாலு வரியாவது சொல்வோம். அவருக்கு உரோமை என்ன பதில் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1517இல் லூத்தர் தம் 95 கருத்துகளை வெளியிட்டதிலிருந்து 1546இல் அவர் இறக்கும்வரை நான்கு திருத்தந்தையர் ஆண்டார்கள். அவர்களில் நான்காமவரான மூன்றாம் பவுல்தான் பதில் சொல்லும் வேலையை உண்மையில் கையில் எடுத்தவர். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் பவுல் யார்?

இயற்பெயர் அலெசாந்த்ரோ பார்னேசே. 1468இல் உரோமைக்கு வடக்கே கனினோ என்ற ஊரில், நிலபுலன் நிறைந்த போர்வீரர் குடும்பத்தில் பிறந்தார். உரோமையில் படித்தார். பிறகு புளோரன்சில் லொரென்சோ தெ மெதிச்சியின் வீட்டுச் சூழலில், மறுமலர்ச்சிக் காலத்துக் கல்வியின் நடுமையத்தில் வளர்ந்தார். 1534 அக்டோபர் 13 அன்று, 66 வயதில், திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1549 நவம்பர் 10 அன்று இறந்தார். அந்த நூற்றாண்டில் அவரளவுக்கு நீண்ட காலம் ஆண்ட திருத்தந்தை வேறொருவர் இல்லை.

சில நூல்களில் "மூன்றாம் சின்னப்பர்" என்று இருக்கிறதே, அது வேறு ஆளா?

இல்லை, இவரேதான். தமிழ்க் கத்தோலிக்கர் பவுலைச் சின்னப்பர் என்றும் பேதுருவை இராயப்பர் என்றும் சொல்லிவந்தார்கள். பழைய நூல்களில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

அவரே பழைய ஊழல் முறையில் மேலே வந்தவர்தானே?

ஆமாம். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. 1493இல் அவருக்குக் கர்தினால் பதவி, அதாவது திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம், கொடுத்தவர் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர். பார்னேசேயின் தங்கை ஜூலியா அந்தத் திருத்தந்தையின் காதலி. பதவி எதற்காக வந்தது என்று உரோமை முழுவதும் வாய்விட்டே பேசிச் சிரித்தது. அப்போது அவர் குருப்பட்டம்கூடப் பெறவில்லை. சில்வியா ருஃபினி என்ற பெண்ணோடு வாழ்ந்து நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருந்தார். அந்தக் காலத்துக் கர்தினால்களிடையே இது அதிசயமான செய்தி இல்லை.

ஆனால் வாழ்க்கையின் நடுவில் ஒரு திருப்பம் வந்தது. 1509இல் பார்மா மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதி) அவர் பொறுப்புக்கு வந்தது. அதை வெறும் வருமானமாக எடுத்துக்கொள்ளாமல் பங்குகளைப் பார்வையிட ஏற்பாடு செய்தார். 1513 அளவில் சில்வியாவோடு இருந்த உறவை முடித்துக்கொண்டார். 1519இல்தான், ஐம்பது வயது தாண்டிய பிறகு, குருப்பட்டம் பெற்றார். கர்தினாலாகி 26 ஆண்டுகள் கழித்து! அந்த மாற்றம் உண்மையானது என்றே நான் நினைக்கிறேன். பதவிக்காகத் திருந்தியதாகக் காட்டிக்கொண்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் திருந்தாமலே பதவிக்கு வரலாம். வந்தும் இருக்கிறார்கள்.

அவர் பொறுப்பேற்றபோது நிலைமை எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது. ஜெர்மனியின் பெரும்பகுதியும் ஸ்காந்திநேவிய நாடுகளும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. 1534இலேயே இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தன்னைத் தன் நாட்டுத் திருச்சபையின் தலைவராகச் சட்டம்போட்டு அறிவித்துவிட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன், 1527இல், ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைகள் உரோமையைச் சூறையாடியிருந்தன. சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் கோயில்களையும் மடங்களையும் கொள்ளையடித்ததை நகரம் மறக்கவில்லை. அதைக் கடவுள் கொடுத்த தண்டனையாகவே பலர் பார்த்தார்கள்.

முந்தைய திருத்தந்தை ஏழாம் கிளமென்ட் பொதுச்சங்கம் (திருச்சபை முழுவதின் ஆயர்களும் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) கூட்டுவதைத் தள்ளிக்கொண்டே போனார். அவருடைய பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1414 முதல் 1418 வரை நடந்த கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம், தாமே திருத்தந்தை என்று உரிமை கோரியவர்களைப் பதவிநீக்கம் செய்திருந்தது. பொதுச்சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே உரோமைக்கு அந்த நினைப்பு வரும். பார்னேசே கர்தினாலாக இருந்தபோதே பொதுச்சங்கம் வேண்டும் என்று சொன்னவர். அவரை விரைவாகத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். இன்னொன்று அவருடைய வயது. கிழவர்தானே, நீண்ட நாள் இருக்கமாட்டார் என்று நினைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் இருந்தார்.

சீர்திருத்தத்தை எங்கிருந்து தொடங்கினார்?

ஆட்களிலிருந்து. அவர் செய்ததிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம். 1535 மே மாதம் அறிவித்த கர்தினால்களில் காஸ்பரோ கொந்தரீனி என்ற வெனிஸ்காரரும் ஒருவர். அவர் அப்போது குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர், வெனிஸ் குடியரசின் தூதராக இருந்த அறிஞர். லூத்தருக்கு வந்த அதே மனப்போராட்டம் கொந்தரீனிக்கும் இளமையில் வந்திருந்தது. எத்தனை தவம் செய்தாலும் என் பாவத்துக்கு ஈடாகுமா என்று தவித்து, கிறிஸ்துவின் இரக்கத்தில் மட்டுமே அமைதி கண்டவர். அப்படிப்பட்ட ஒருவரை நேரடியாகக் கர்தினால் ஆக்கியதற்குத் துணிச்சல் வேண்டும்.

அதே பட்டியலில் இங்கிலாந்தின் ஆயர் ஜான் ஃபிஷரும் இருந்தார். ஹென்றியை ஏற்க மறுத்ததற்காக அவர் அப்போது சிறையில் இருந்தார். கர்தினால் பட்டம் அவரைக் காப்பாற்றும் என்று உரோமை நம்பியது. ஹென்றியின் கோபம்தான் கூடியது. ஜூன் 22 அன்று ஃபிஷரின் தலை வெட்டப்பட்டது.

அடுத்த ஆண்டில் யாக்கோபோ சதொலேத்தோ, ரெஜினால்டு போல், ஜான் பியெத்ரோ கராபா ஆகியோரும் கர்தினால்கள் ஆனார்கள். மறுமலர்ச்சி அரசவையாக இருந்த கர்தினால் குழுவுக்குள் படித்தவர்களும் செபிப்பவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கராபா பிற்பாடு வேறு பாதையில் போனார். அது கீழே வருகிறது.

1537ஆம் ஆண்டு அறிக்கை என்று சொல்கிறார்களே, அதில் என்ன இருந்தது?

1536இல் மூன்றாம் பவுல் கொந்தரீனி தலைமையில் ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். திருச்சபையில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று ஒளிவுமறைவின்றி எழுதித் தாருங்கள் என்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. 1537 மார்ச் 9 அன்று அறிக்கை அவர் கைக்கு வந்தது.

அதைப் படிக்கும்போது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. முதல் குற்றச்சாட்டே திருத்தந்தையின் அதிகாரத்தைப் பற்றியது. திருச்சபைப் பதவிகள் எல்லாவற்றுக்கும் திருத்தந்தையே சொந்தக்காரர், தன் சொத்தை விற்பவர் குற்றவாளி ஆகமாட்டார், ஆகவே அவர் எதை விற்றாலும் பாவமில்லை என்று முகஸ்துதி பாடிய சட்ட அறிஞர்களின் வாதத்திலிருந்துதான் எல்லாக் கேடுகளும் கிளம்பின என்று அந்த ஒன்பது பேரும் எழுதினார்கள். எழுதியது யாருக்கு? அந்தத் திருத்தந்தைக்கே.

அப்புறம் வரிசையாக வருகின்றன. படிப்பும் ஒழுக்கமும் இல்லாதவர்களுக்குக் குருப்பட்டம். தம் மறைமாவட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஆயர்கள். ஒருவரே பல மறைமாவட்டங்களின் வருமானத்தை வாங்குவது. பணம் கொடுத்தால் எந்தச் சட்டத்திலிருந்தும் கிடைக்கும் விலக்கு. கெட்டுப்போன துறவு மடங்களைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றில் புதிதாக ஆள் சேர்க்கவேண்டாம், இருப்பவர்களோடு அவை முடியட்டும் என்கிறார்கள். கடைசியில் உரோமை நகரத்துக்கே வருகிறார்கள். புனித பேதுரு பேராலயத்துக்கு வரும் வெளியூர்க்காரர், அழுக்கு உடையில் அறிவற்ற குருக்கள் பூசை வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். விலைமகளிர் கோவேறு கழுதை ஏறிப் பட்டப்பகலில் பெரிய வீட்டுப் பெண்களைப்போல நகரத்துக்குள் போகிறார்கள், கர்தினால்களின் வீட்டு ஆட்கள் அவர்களுக்குத் துணையாகப் போகிறார்கள். எல்லாம் அந்த அறிக்கையில் உண்டு.

அறிக்கை இரகசியமாக இருக்கவேண்டியது. ஆனால் வெளியே கசிந்து அச்சாகிவிட்டது. 1538இல் லூத்தர் தம் கிண்டலான குறிப்புகளோடு ஜெர்மன் மொழியில் அதை வெளியிட்டார். முகப்புப் படத்தில் கர்தினால்கள் நரிவாலால் தேவாலயத்தைப் பெருக்குகிறார்கள். அழுக்கு போகாது, இடம்தான் மாறும் என்பது அதன் பொருள். உரோமைக்கு அவமானமாகப் போயிற்று. லூத்தர் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தன் வீட்டுக் குப்பையைத் தானே இவ்வளவு நேர்மையாகப் பட்டியல் போட்ட ஆட்களும் மறுபக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த அறிக்கை காட்டியது.

அறிக்கையில் சொன்னதை நிறைவேற்றினாரா?

பாதிக்கும் குறைவாகத்தான். உரோமையின் அலுவலகங்கள் விலக்குக் கட்டணத்திலும் பதவிக் கட்டணத்திலும் ஓடின. அவற்றை நிறுத்தினால் அலுவலர்களின் சம்பளம் நிற்கும், திருத்தந்தையின் கருவூலமும் சுருங்கும். அந்தக் கட்டண அலுவலகத்தைச் சீர்செய்ய ஒரு குழு போட்டார். அந்தக் குழுவைத் திருத்த இன்னொரு குழு போட்டார். 1540 டிசம்பரில், உரோமையிலேயே குடியிருந்த எண்பது அளவிலான ஆயர்களைக் கூப்பிட்டு, அவரவர் மறைமாவட்டத்துக்குப் போய்ச் சேருங்கள் என்றார். அங்கே அரசர்களின் அதிகாரிகள் எங்களைச் செயல்படவே விடுவதில்லை, அதைச் சரிசெய்யாமல் போய் என்ன பயன் என்று அவர்கள் வாதம் செய்தார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. விஷயம் இழுத்துக்கொண்டே போனது.

பேரன்களுக்குப் பதவி கொடுத்தது உண்மையா?

உண்மை. தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு மாதம் முடிந்ததுமே, 1534 டிசம்பரில், 14 வயதுப் பேரன் அலெசாந்த்ரோவையும் 16 வயதுப் பேரன் குயிதோ அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவையும் கர்தினால்கள் ஆக்கினார். சீர்திருத்தம் பேசிய திருத்தந்தையின் முதல் பெரிய நியமனம் இது. 1538இல் இன்னொரு பேரன் ஒத்தாவியோவுக்குப் பேரரசர் சார்லசின் மகள் மார்கரெத்தைக் கட்டிவைத்தார். 1545இல் மகன் பியெர் லூயிஜியை, திருச்சபைக்குச் சொந்தமான பார்மா, பியாசென்சா நகரங்களுக்குக் கோமகனாக்கினார். பொதுச்சங்கம் தொடங்கிய அதே ஆண்டில்!

அவருக்காக வாதாடுபவர்கள், அந்தக் காலத்தில் திருத்தந்தைக்கு நம்பகமான ஆட்கள் குடும்பத்தில்தான் கிடைத்தார்கள் என்பார்கள். பேரன் அலெசாந்த்ரோ பிற்பாடு திறமையான நிர்வாகியானதும் உண்மை. இருந்தாலும் இந்தக் குறையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆயர்களின் வருமானக் குவிப்பைக் கண்டித்துக்கொண்டே தன் பேரன் மடியில் மறைமாவட்டங்களைக் குவித்தவர் சொன்னால் யார் கேட்பார்கள்? சீர்திருத்தம் மெதுவாகப் போனதற்கு முக்கால் காரணம் வெளியே இருந்தது. மீதிக் கால்பங்கு இவர் வீட்டிலேயே இருந்தது.

பொதுச்சங்கம் கூட்ட ஏன் பதினோரு ஆண்டுகள் ஆயின?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் "உரோமைக்கு விருப்பமில்லை" என்று பதிலையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். கிளமென்ட் விஷயத்தில் அது சரி. பவுல் விஷயத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

1535இல் பியெர் பவோலோ வெர்ஜேரியோ என்ற தூதரை ஜெர்மனிக்கு அனுப்பினார். அவர் விட்டன்பர்க் போய் லூத்தரையே நேரில் பார்த்துப் பேசினார். பொதுச்சங்கம் கூட்டினால் வருகிறேன் என்று லூத்தரும் சொன்னார். (இந்த வெர்ஜேரியோவே 1549இல் புராட்டஸ்டண்ட் பக்கம் போய்விட்டார்.) 1536 ஜூனில், அடுத்த ஆண்டு மாந்துவா நகரில் பொதுச்சங்கம் என்று அறிவிப்பு வந்தது. இத்தாலியில் நடப்பதால் ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் இளவரசர்கள் வரமாட்டோம் என்றார்கள். மாந்துவாவின் கோமகன், பாதுகாப்புக்குப் படை வேண்டும், செலவைத் திருத்தந்தை கொடுக்கவேண்டும் என்றார். பிறகு விச்சென்சா நகரம் என்று மாற்றினார்கள். 1538இல் திருத்தந்தையின் பிரதிநிதிகள் அங்கே போய் உட்கார்ந்தபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆயர்கள் வந்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருந்த முடிச்சு பேரரசர் சார்லசும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிசும் போட்டுக்கொண்ட சண்டை. பிரெஞ்சு ஆயர்களும் ஸ்பானிய, ஜெர்மானிய ஆயர்களும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டுமென்றால் முதலில் இந்த இருவருக்கும் சமாதானம் வேண்டும். பிரான்சிசுக்கோ ஜெர்மனியின் மதப்பிளவு நீடிப்பதில்தான் ஆதாயம். சார்லஸ் பலவீனமாகவே இருப்பார் அல்லவா? 1543 குளிர்காலத்தில் துருக்கிக் கடற்படையை பிரெஞ்சுத் துறைமுகமான தூலோனில் தங்கவைக்கும் அளவுக்கு அவர் போனார். சார்லசுக்கு வேறு கணக்கு. துருக்கியரை எதிர்க்க லூத்தரன் இளவரசர்களின் படையும் பணமும் தேவைப்பட்டதால் அவர்களைப் பகைக்க அவர் தயங்கினார்.

1538இல் எழுபது வயதுக் கிழவரான பவுல் நீஸ் நகரம்வரை பயணம் போனார். இரண்டு அரசர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தார்கள். இவர் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசிப் பத்தாண்டுப் போர்நிறுத்தம் வாங்கினார். நாலு ஆண்டுதான் தாங்கியது. 1542இல் திரெந்து நகரில் பொதுச்சங்கம் என்று அறிவித்த அதே கோடையில் மறுபடி போர் மூண்டது. 1544 செப்டம்பரில் க்ரெப்பி உடன்படிக்கை வந்த பிறகே வழி திறந்தது. 1545 டிசம்பர் 13 அன்று திரெந்தில் பொதுச்சங்கம் தொடங்கியது.

அப்போதும் வந்தவர்கள் நான்கு பேராயர்கள், 21 ஆயர்கள், ஐந்து துறவற சபைத் தலைவர்கள், இவர்களோடு திருத்தந்தையின் மூன்று பிரதிநிதிகளும் அந்நகரக் கர்தினாலும். அவ்வளவுதான். உலகத் திருச்சபையின் கூட்டம் ஒரு பெரிய பங்குக் கோயிலின் நாலு பெஞ்சில் அடங்கிவிடும் அளவில் தொடங்கியது.

ஏன் திரெந்து?

ஆல்ப்ஸ் மலைப்பாதையில், இத்தாலிய மொழி பேசும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆட்சி பேரரசின் எல்லைக்குள் வரும். "ஜெர்மன் மண்ணில் நடக்கவேண்டும்" என்ற கோரிக்கைக்கும் உரோமையின் வசதிக்கும் நடுவில் கிடைத்த ஊர்.

பிரிந்தவர்களோடு பேசிப் பார்க்கவே இல்லையா?

பேசினார்கள். இந்த வரலாற்றிலேயே என் மனத்தை அதிகம் வருத்தும் பகுதி இதுதான்.

1541 வசந்தத்தில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஒரு பேச்சுவார்த்தையைக் கூட்டினார். திருத்தந்தை கொந்தரீனியைத் தம் பிரதிநிதியாக அனுப்பினார். கத்தோலிக்கப் பக்கம் எக், ஃப்ளுக், குரோப்பர். மறுபக்கம் மெலாங்தன், பூட்சர், பிஸ்டோரியஸ். அப்போது ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த புராட்டஸ்டண்ட் இறையியலாளர் கால்வினும் வந்திருந்தார்.

சண்டையின் நடுப்புள்ளி எது? மனிதர் கடவுள்முன் ஏற்புடையவராவது எப்படி என்ற கேள்வி. நம்பிக்கையால் மட்டுமா, செயல்களும் சேருமா? இதில்தான் லூத்தர் பிரிந்தார். மே மாதத் தொடக்கத்தில், அந்த ஒரு விஷயத்திலேயே, இரண்டு பக்கமும் ஒரே வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்! கொந்தரீனி ஆனந்தப்பட்டார். பிளவு மூடிவிடும் என்று சில நாட்கள் நம்ப முடிந்தது.

பிறகு நற்கருணைக்கு வந்தார்கள். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக உட்பொருளில் மாறுகின்றனவா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. திருச்சபையின் அதிகாரம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) என்று அடுத்தடுத்து எதிலும் உடன்பாடு வரவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாசகத்தையும் விட்டன்பர்க்கில் லூத்தர் ஒட்டுப்போட்ட துணி என்று தள்ளினார். உரோமையில் கர்தினால்கள் அதில் தெளிவில்லை என்று தள்ளினார்கள். கொந்தரீனி சந்தேகத்துக்குரியவராக ஊர் திரும்பி, 1542 ஆகஸ்டில் பொலோஞ்ஞாவில் இறந்தார்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதே பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் அருளாலேயே வருகிறது என்ற அடிப்படையில் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்பதாக அது சொல்கிறது. 458 ஆண்டுகள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொந்தரீனியின் நினைப்பு வரும்.

உரோமை விசாரணை மன்றத்தைத் தொடங்கியவரும் இவர்தானா?

ஆமாம், 1542 ஜூலை 21 அன்று. ரேகன்ஸ்பர்க் தோற்றதும் உரோமையில் கராபாவின் கை ஓங்கியது. பேசிப் பயனில்லை, இத்தாலிக்குள் புதிய போதனை நுழையாமல் தடுக்கவேண்டும் என்றார் அவர். ஆறு கர்தினால்களின் பொறுப்பில் மன்றம் அமைந்தது. ஒரு மாதத்தில் பெரிய அதிர்ச்சி. கப்புச்சின் சபைத் தலைவரும் இத்தாலியின் தலைசிறந்த மறையுரையாளருமான பெர்னார்தினோ ஒக்கீனோ, விசாரணைக்கு அழைத்ததும் ஜெனீவாவுக்கு ஓடிவிட்டார். கிட்டத்தட்ட அதே நாட்களில் பியெத்ரோ மார்த்தீரே வெர்மிலி என்ற அறிஞரும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார்.

பவுல் காலத்தில் இந்த மன்றம் ஓரளவு அடக்கமாகவே இயங்கியது. 1555இல் கராபாவே நான்காம் பவுல் என்ற பெயரில் திருத்தந்தையான பிறகுதான் அது மற்ற கர்தினால்கள்மேலும் பாயும் அளவுக்குக் கொடூரமானது. ஆனாலும் கருவியைச் செய்துகொடுத்தவர் மூன்றாம் பவுல். போர்ச்சுக்கல் மன்னர் கேட்டபடி 1536இல் அந்த நாட்டு விசாரணை மன்றத்துக்கு அனுமதி கொடுத்தவரும் அவரே. அதன் கிளையாக 1560இல் கோவாவில் தொடங்கிய மன்றம் என்னென்ன செய்தது என்று இந்தியர் நமக்குத் தெரியும். இந்தப் பொறுப்பை அவர்மேலிருந்து இறக்கிவைக்க முடியாது.

அவர் காலத்தில் திரெந்து பொதுச்சங்கம் என்ன முடிவுகள் எடுத்தது?

சார்லஸ், முதலில் ஊழலைச் சரிசெய்யுங்கள், கோட்பாடு பிறகு என்றார். திருத்தந்தை, கோட்பாடு முதலில் என்றார். கடைசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எடுப்பது என்று சங்கமே முடிவு செய்தது.

1546 ஏப்ரலில் விவிலியத்தையும் திருத்தூதர் வழி மரபையும் ஒரே மதிப்போடு ஏற்கவேண்டும் என்று அறிவித்தார்கள். ஜூனில் பிறப்புநிலைப் பாவம் பற்றிய தீர்மானம். 1547 ஜனவரி 13 அன்று எல்லாவற்றிலும் கடினமானது வந்தது. ஏற்புடையவராவது பற்றி 16 அதிகாரங்கள், 33 விதிகள். ஏழு மாதம் அலசி ஆராய்ந்து எழுதியது. அதன் முதல் விதியையே பலர் படித்ததில்லை என்று நினைக்கிறேன். கிறிஸ்து வழியாக வரும் கடவுளின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மட்டும் ஒருவர் ஏற்புடையவராக முடியும் என்று சொல்பவரைத்தான் அது கண்டிக்கிறது. "கத்தோலிக்கர் புண்ணியம் செய்து மோட்சத்தை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் இந்த விதியை எடுத்துக் காட்டலாம். அதே நேரத்தில், நம்பிக்கை மட்டும் போதும் என்பதையும் பிற விதிகள் தள்ளுகின்றன. மனித விருப்பம் அருளோடு ஒத்துழைக்கிறது என்பது திரெந்தின் நிலை.

மார்ச் 3 அன்று திருவருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை) ஏழு என்று உறுதிசெய்தார்கள். ஆயர் தம் மறைமாவட்டத்தில் தங்கவேண்டும், பல பதவிகளை ஒருவரே வைத்துக்கொள்ளக் கூடாது, மறையுரை ஆயரின் கடமை என்ற தீர்மானங்களும் இதே காலத்தில் வந்தன. குருமடங்கள் தொடங்கும் ஆணை, நாம் திரெந்து என்றதும் நினைக்கும் மற்ற பல விஷயங்கள் எல்லாம் பிந்தியவை. 1563இல்தான் பொதுச்சங்கம் முடிந்தது.

பேரரசரோடு ஏன் முறிந்தது?

1546இல் லூத்தரன் இளவரசர்களின் கூட்டணிமேல் சார்லஸ் போர் தொடுத்தார். திருத்தந்தை 12,000 காலாட்படையைத் தம் பேரன் ஒத்தாவியோ தலைமையில் அனுப்பினார். பேரரசர் வெல்லத் தொடங்கியதும் இத்தாலியில் அவர் கை மிஞ்சிவிடுமோ என்ற பயம் வந்து, 1547 ஜனவரியில் படையைத் திரும்பக் கூப்பிட்டார். மார்ச்சில் திரெந்தில் காய்ச்சல் பரவ, பொதுச்சங்கம் பொலோஞ்ஞாவுக்கு மாறியது. அது திருத்தந்தையின் ஆட்சிக்குள் இருந்த ஊர். சார்லசுக்கு ஆத்திரம். அவர் பக்கத்து ஆயர்கள் திரெந்தைவிட்டு அசையவில்லை. ஏப்ரல் 24 அன்று முல்பர்க் போரில் சார்லஸ் வென்றபோது, தோற்ற இளவரசர்களை அழைத்துப்போக அவருக்கு ஒரு பொதுச்சங்கம் இல்லை. நல்ல சந்தர்ப்பம் வீணானது. அந்த செப்டம்பரில் பியாசென்சாவில் சதிகாரர்கள் பியெர் லூயிஜியைக் கொன்றார்கள். சார்லசின் மிலான் ஆளுநர் அதற்கு உடந்தை. மகனின் சாவுக்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒட்டவே இல்லை.

இயேசு சபைக்கு அனுமதி கொடுத்தது இவர்தானே? நம் ஊரோடு தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. 1540 செப்டம்பர் 27 அன்று இஞ்ஞாசியாரின் சின்னக் குழுவுக்குத் துறவற சபையாக ஒப்புதல் தந்தார். முதலில் அறுபது பேருக்கு மேல் சேரக்கூடாது என்று வரம்பு. 1544இல் அதையும் நீக்கினார். போர்ச்சுக்கல் மன்னர் இந்தியாவுக்கு ஆள் கேட்டபோது, போவதாக இருந்த பொபதீயா நோயில் விழ, சவேரியார் கிளம்பினார். ஒப்புதல் ஆணை வருவதற்கு முன்னாலேயே, மார்ச்சில், அவர் உரோமையைவிட்டுப் புறப்பட்டாயிற்று. திருத்தந்தையின் தூதர் என்ற பவுலின் நியமன மடல்களோடு 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். பரதவர் 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் இருந்தார்கள். சவேரியார் செபங்களைத் தமிழில் எழுதவைத்து மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் அந்த நினைவு இன்றும் உயிரோடு இருக்கிறது.

கோவாவை மறைமாவட்டமாக நிறுவும் ஆணையும் பவுல் பொறுப்பேற்ற மூன்றாம் வாரத்தில், 1534 நவம்பர் 3 அன்று, வந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து சீனம்வரை அதன் எல்லை.

அமெரிக்கப் பழங்குடியினருக்காக ஆணை போட்டது இவரா?

ஆம். 1537 ஜூன் 2 அன்று வெளியிட்ட ஆணையில், அமெரிக்க மக்களும் இனிமேல் தெரியவரும் எல்லா மக்களும், கிறிஸ்தவர் அல்லாதவராக இருந்தாலும், உரிமையையும் உடைமையையும் இழக்கக்கூடாது, அடிமையாக்கப்படக்கூடாது என்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய குரல். அடுத்த ஆண்டே சார்லசின் நெருக்குதலால், அதோடு சேர்ந்த தண்டனை விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது மட்டுமில்லை. 1548இல் உரோமையில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு போட்டார். ஒரே கையால் எழுதியவை.

மைக்கேலாஞ்சலோவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சிஸ்டைன் சிற்றாலயத்தின் "இறுதித் தீர்ப்பு" ஓவியம் கிளமென்ட் சொல்லி, பவுல் காலத்தில் வரைந்து, 1541இல் திறக்கப்பட்டது. புனித பேதுரு பேராலயக் கட்டட வேலையையும் பவுல்தான் அவரிடம் ஒப்படைத்தார். கோப்பர்நிக்கஸ் 1543இல் தம் வானியல் நூலைக் காணிக்கையாக்கியதும் இதே திருத்தந்தைக்கே.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன? அவர் முகத்தை எங்கே பார்க்கலாம்?

வேதனையாக இருந்தன. மகன் செத்த பிறகு பார்மாவைத் திருச்சபையின் நேரடி ஆட்சிக்கே திரும்ப எடுக்க முடிவு செய்தார். பேரன் ஒத்தாவியோ ஒப்புக்கொள்ளாமல் தாத்தாவுக்கு எதிராகவே பார்மாவைப் பிடிக்கப் பார்த்தார். செல்லப் பேரன் கர்தினால் அலெசாந்த்ரோவும் அண்ணன் தம்பிக் கூட்டில் இருப்பது தெரிந்தபோது கிழவர் கொதித்துப்போனார். சில நாட்களில் காய்ச்சல் வந்து இறந்தார். வயது 81. செப்டம்பரிலேயே பொதுச்சங்கத்தை நிறுத்திவைத்திருந்தார்.

கல்லறை புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. ஆனால் அவரைப் பார்க்கவேண்டுமென்றால் நேப்பிள்ஸ் நகரின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும். திசியானோ 1546இல் அவரையும் இரண்டு பேரன்களையும் சேர்த்து வரைந்த ஓவியம் அங்கே உள்ளது. கூன் விழுந்த கிழவர் நாற்காலியில் இருக்கிறார். கண்ணில் மட்டும் கூர்மை குறையவில்லை. ஒரு பக்கம் ஒத்தாவியோ குனிந்து வணங்குகிறார். பின்னால் அலெசாந்த்ரோ நாற்காலியைப் பிடித்தபடி வெளியே பார்க்கிறார். திசியானோ அந்த ஓவியத்தை முடிக்கவில்லை.